சமமற்ற சிறகுகள்

முதலில் கைக்கு வரும் பணமெல்லாம் இலாபமன்று. ஹல்துமுல்லைத் தோட்டங்களில் வாழும் நமக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. முற்பணம் வாங்கிய நம் முன்னோர், அக்கடனைக் குறித்த 'துண்டு'ச் சீட்டுடன் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டனர். 1921இலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது.

இன்று இந்தியப் பங்குச் சந்தையில் படித்தவரை மயக்கும் ஒரு முறை உண்டு. 'சமமற்ற வண்ணத்துப்பூச்சி' என்பது அதன் பெயர். ஒரு பங்கை 100 ரூபாய்க்கு வாங்கும் உரிமை ஒன்றை ஒருவர் வாங்குகிறார்; 110 ரூபாய் உரிமை இரண்டை விற்கிறார்; 130 ரூபாய் உரிமை ஒன்றை வாங்குகிறார். கொடுத்தது போகக் கையில் 1 ரூபாய் மிஞ்சுகிறதென்று கொள்வோம். தவணை நாளில் விலை 100க்குக் கீழ் இருந்தால், அந்த ரூபாய் அவருக்கே. சரியாக 110இல் நின்றால் 11 ரூபாய் இலாபம். 121ஐத் தாண்டினாலோ நட்டம். 130க்கு மேல் 9 ரூபாய் நட்டம். ஒரு சிறகின் நீளம் 10, மற்றதன் நீளம் 20. முதலில் வந்த ஒரு ரூபாய்க்கு அவர் கொடுத்த விலை அந்த நீண்ட சிறகே!

நட்டத்துக்கு எல்லை உண்டே என்பர். உண்டு, ஆயின் எல்லையுள்ள நட்டமும் நட்டமே. 2022 மார்ச்சுக்குப் பிந்திய இரண்டாண்டுகளையும் அதற்கு முந்திய ஓராண்டையும் ஆராய்ந்த செபி, இத்தகைய பேரங்களில் இறங்கிய தனிநபருள் நூற்றுக்கு 93 பேர் இழந்தனர் என 2024இல் அறிவித்தது. அவர்கள் இழந்த தொகை 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

எந்த விலையில் எவ்வளவு இழப்போம் என்பதைத் தாளில் எழுதிக் காட்ட முடியாதவர் எந்த ஒப்பந்தத்திலும் இறங்கலாகாது. இன்னுமொரு துண்டுக்கு நாம் கைநீட்ட வேண்டா!