கனவுக் கார் நின்ற சாலை

கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தேவிகுளத்தைக் கடந்ததும் பாறையைக் குடைந்த ஒரு விளிம்பில் ஏறுகிறது. கேப் ரோடு என்று ஊரார் அழைக்கும் அந்தப் பகுதியில், ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால், வெள்ளி நிறக் கார் ஒன்று நின்றிருந்தது. அதன் பக்கவாட்டில் நீல நிறக் கோலங்கள் தீச்சுடர் போலப் பின்னோக்கி ஓடின. எதிர்த்திசையில் வந்த ஜீப்பு ஒன்று வேகம் குறைத்தது. பிறகு ஓரமாக நின்றது. ஓட்டி வந்தவர் இருபத்தெட்டு வயது இளைஞர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களையும் பகலில் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிச் செல்பவர். இறங்கி வந்து அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல், தணிந்த குரலில் ஒரு பெயரைச் சொன்னார்: "எம்3 ஜி.டி.ஆர்."

இத்தகைய காட்சிகளைக் கற்றவர்கள் இரண்டு வகையாகப் பேசிக் கடந்துவிடுவது வழக்கம். ஒன்று, சிறுபிள்ளைத்தனம் என்ற புன்னகை. மற்றொன்று, நுகர்வுப் பண்பாடு ஏழை இளைஞனின் மனத்தில் விதைத்த ஏக்கம் என்ற தீர்ப்பு. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் அந்த இளைஞர் அந்தக் காரின் முன் நின்று என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை இரண்டுமே விளக்கவில்லை. அவர் அப்போது தம் அறிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2005 நவம்பரில் 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வாண்டட்' என்ற கணினி விளையாட்டு வெளியானது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரானதும் அதே ஆண்டில்தான். விளையாட்டின் தொடக்கத்திலேயே ஆடுபவரிடம் வெள்ளியும் நீலமும் கலந்த பி.எம்.டபிள்யூ. எம்3 ஜி.டி.ஆர். தரப்படுகிறது. சிறிது நேரத்தில் சதியால் அது பறிக்கப்படுகிறது. பதினைந்து எதிரிகளை ஒருவர்பின் ஒருவராக வென்று, கடைசியில் ரேசர் என்பவனைத் தோற்கடித்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். பெற்று, இழந்து, மீட்கும் இந்த அமைப்பே அந்தக் காரை ஒரு தலைமுறையின் கனவுப் பொருளாக்கியது. முதலிலிருந்தே எட்டாத உயரத்தில் இருந்த பொருளுக்கு அந்த வலிமை இருந்திராது. கையில் இருந்து போன பொருளுக்கே அது உண்டு.

உண்மையான காரின் வரலாறும் ஏறத்தாழ இழப்பின் வரலாறுதான். சாலையில் ஓடிய எம்3 வண்டியில் இருந்தது 3.2 லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர் என்ஜின். அமெரிக்கன் லீ மான் தொடருக்காக 2001-இல் உருவாக்கப்பட்ட ஜி.டி.ஆர். வடிவத்தில் 4 லிட்டர், வி8 என்ஜின் பொருத்தப்பட்டது. அந்த ஆண்டே அது தன் பிரிவின் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டுக்கான விதிகள் மாறி, அதே என்ஜின் கொண்ட சாலைக் கார்கள் கூடுதல் எண்ணிக்கையில் தயாரிக்கப்பட வேண்டும் என்றானபோது, நிறுவனம் அந்தத் தொடரிலிருந்து விலகிக்கொண்டது. பின்னர் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அந்தக் கார் வென்றது. சாலை வடிவம் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தது. ஆக, கேப் ரோட்டில் ஓர் அசல் எம்3 ஜி.டி.ஆர். நிற்பதற்கு வாய்ப்பே இல்லை.

ஜீப்பு ஓட்டுநருக்கும் அது தெரிந்திருந்தது. முன்விளக்குகளைப் பார்த்த மாத்திரத்தில் அது அடுத்த தலைமுறை 3 வரிசைக் கார் என்று கண்டுகொண்டார். 2007-இல் செங்கல்பட்டு அருகே தொடங்கப்பட்ட ஆலையில் பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்த வகை அது. முன்மூடியில் காற்றுத் துளைகள் இல்லை. பின்புற இறக்கை இல்லை. நீலக் கோலம் ஒட்டுப்படம். இத்தனையும் தெரிந்தபின்னும் அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. போலி என்று அறிந்தும் மகிழ்ச்சி குறையாததைப் பேதைமை என்று ஒதுக்குவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நீலக் கோலம் எந்தப் பந்தயத் திடலிலிருந்தும் வந்ததன்று; விளையாட்டுக்காகவே வரையப்பட்டது. 2024-இல் மியூனிக் நகரின் பி.எம்.டபிள்யூ. வெல்ட் காட்சிக்கூடத்தில் ஓர் எம்3 ஜி.டி.ஆர். விளையாட்டின் அதே கோலத்துடன் காட்சிக்கு வைக்கப்பட்டது. உலோகக் கார் திரைக் காரைப் பார்த்து ஒப்பனை செய்துகொண்டது. அப்படியானால் மியூனிக்கில் நின்றதற்கும் கேப் ரோட்டில் நின்றதற்கும் இடையே என்ஜினிலும் விலையிலும் வேறுபாடு உண்டு. கோலத்தின் அளவில் இரண்டும் ஒரே மூலத்தின் படிகள். அந்த மூலம் சிறுவர்களின் கணினித் திரையில் இருந்தது.

சொல்லால் பொருளை அறிவதும், சொல்லைச் சொல்லாகவே அறிவதும் வெவ்வேறு என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. முன்னதைப் பொருண்மை என்றும் பின்னதைச் சொன்மை என்றும் குறிக்கிறது. எல்லைப்புறத்துச் சிறுவன் ஒருவன் 'எம்3 ஜி.டி.ஆர்.' என்ற ஒலித்தொடரை முதலில் அறிந்தது சொன்மையாகத்தான். அது ஜெர்மனியின் பெயரென்றோ எழுத்துகளுக்கு விரிவு உண்டென்றோ அவனுக்குத் தெரியாது. ஆனால் விரைவிலேயே அந்தப் பெயருக்கு ஒரு பொருண்மை வந்து சேர்ந்தது. கண்ணால் கண்ட பொருளோ பிறர் சொல்லிக் கேட்ட பொருளோ அதைத் தரவில்லை, விரல்களே தந்தன. எந்த வளைவில் எவ்வளவு முன்னதாக வேகம் குறைக்க வேண்டும், எந்த அளவுக்குத் திருப்பினால் பின்சக்கரம் நழுவும் என்பதெல்லாம் அவன் கைக்குத் தெரியும். நேரில் பழகி அறிவது, விவரிப்பால் அறிவது என்று பெர்ட்ரண்ட் ரசல் வகுத்த இருவகை அறிவில் எதிலும் இது முழுமையாக அடங்காது. பொருள் இல்லாமலேயே பொருளோடு பழகிய அறிவு இது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதை உலோகத்தில் காணும்போது நடப்பது முதல் சந்திப்பா, மறுசந்திப்பா என்பது மொழியியலாளர்கள் எண்ணிப் பார்க்கத் தகுந்த கேள்வி.

இந்த அறிவு எந்த மொழியில் வந்தது என்பதும் இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதிகளில் சிறு செய்தி அன்று. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன; தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துக்கு வந்தது. 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழையும் கன்னடத்தையும் சிறுபான்மை மொழிகளாக ஏற்று, அரசுடன் தம் மொழியில் தொடர்புகொள்ளும் உரிமையை அம்மக்களுக்கு அளித்தது. ஆயினும் அன்றாட வாழ்வில் வீட்டுக்கு ஒரு மொழி, அலுவலகத்துக்கு ஒரு மொழி என்ற ஏற்பாடு தொடர்கிறது. தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளை மலையாளத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது தயங்குகிறது. தமிழ்நாட்டுக்குப் போனால் 'மலையாளத்தான்' என்று அழைக்கப்படுகிறது.

விளையாட்டு அந்தப் பிள்ளையிடம் எந்த மொழிக்காரன் என்று கேட்கவில்லை. அதன் மொழி ஆங்கிலம். ஆங்கிலம் அறியாதவனையும் அது வெளியே நிறுத்தவில்லை. 'மிஷன்', 'சீட் கோடு', 'பிளாக்லிஸ்ட்' என்ற சொற்களை ஆடியே கற்றுக்கொள்ள விட்டது. பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரக் காசு கொடுத்து ஆடியவனுக்கும், வீட்டுக் கணினியில் ஆடியவனுக்கும் அது ஒரே காரைத் தந்தது. இதைச் சமத்துவம் என்று போற்றுவது மிகை. ஆனால் தான் எந்தக் கரையைச் சேர்ந்தவன் என்பதை நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டியிருந்த சிறுவனுக்கு, அந்தக் கேள்வி எழாத அரைமணி நேரம் அற்பமானதன்று.

கேப் ரோட்டுக் காட்சியின் எஞ்சிய பகுதி இதைத் தெளிவாக்கும். தேநீர் குடித்துக்கொண்டிருந்த காரின் உரிமையாளர் எழுந்து வந்தார். அவர் காரின் பதிவெண் கே.எல். 70, அதாவது சித்தூர். ஜீப்பின் பதிவெண் கே.எல். 68, தேவிகுளம். எண்களைப் பார்த்து இருவரும் மலையாளத்தில்தான் தொடங்கினர். "சேட்டா, ஒரு ஃபோட்டோ எடுத்தோட்டே?" என்று ஜீப்பு ஓட்டுநர் கேட்டார். உரிமையாளர் தலையசைத்தார். படம் எடுத்தபின் ஓட்டுநர் தம்மை அறியாமல் தமிழில், "ரேசர்கிட்ட இருந்து மீட்டுட்டீங்க போல" என்றார். உரிமையாளர் சிரித்துவிட்டு, "ஏனுங்க தம்பி, நீங்களும் அந்தப் பாலம் தாண்டுனீங்களா?" என்றார். "மூணு தடவை விழுந்துட்டுத்தான் தாண்டுனேன், அண்ணே."

ஒருவர் பேச்சில் கொங்குத் தமிழின் 'ங்க'. மற்றவர் பேச்சில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய முன்னோரின் 'அண்ணே'. ஒரே மாநிலத்தின் இரண்டு எல்லைகளில் வளர்ந்த இரண்டு தமிழர்கள், ஒருவரையொருவர் தமிழர் என்று அடையாளம் கண்டது அமெரிக்க நகரம் ஒன்றைக் கற்பனை செய்த ஒரு விளையாட்டின் வில்லன் பெயரால். மொழி அடையாளம் இலக்கியத்தாலும் அரசியலாலும் மட்டுமே கடத்தப்படுகிறது என்று கருதுவோர் இந்த இடத்தில் சற்றே நிற்கலாம்.

இதோடு நிறுத்தினால் இது இனிய கதையாக முடியும். உண்மை அவ்வளவு இனிமையானதன்று. அந்த விளையாட்டில் ஆடுபவன் ஒருவனுக்கே சாலை சொந்தம். பிற வண்டிகள் அனைத்துக்கும் ஒரே பொதுப்பெயர், போக்குவரத்து. அவை தவிர்க்கப்பட வேண்டியவை, மோதினால் வேகத்தைக் குறைப்பவை. அவற்றுள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி எழாது. கேப் ரோட்டிலோ, ஜீப்பு ஓட்டுநர் அந்தப் போக்குவரத்தின் பகுதி. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் ஏலத்தோட்டங்களுக்குப் பெண் தொழிலாளர்களை நெருக்கி ஏற்றிவரும் ஜீப்புகள் இந்த மலைச் சாலைகளின் அன்றாடம். அவை கவிழ்வதும் அவ்வப்போது செய்தியாகிறது. விடுமுறை நாளில் சமவெளி நகரங்களிலிருந்து விலையுயர்ந்த கார்கள் வரிசையாக ஏறும்போது, அவற்றின் முன்கண்ணாடி வழியே தெரியும் ஜீப்பு ஓர் இடையூறு மட்டுமே. சிறுவயதில் எந்த இருக்கையில் அமர்ந்து அவர் உலகத்தைப் பார்த்தாரோ, அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் இன்று அவரே தெரிய மாட்டார்.

இந்தச் சாலை யாருடையது என்ற கேள்வி மூணாற்றுக்குப் புதிதன்று. 2015 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளர் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், இருபது விழுக்காடு போனஸ் கேட்டு மூணாற்றின் சாலையிலேயே அமர்ந்தனர். பெம்பிளை ஒருமை என்று அறியப்பட்ட அந்தப் போராட்டம் ஒன்பது நாள் நீடித்து, கேட்டதைப் பெற்றது. போக்குவரத்து என்று கடந்து செல்லப்பட்டவர்கள், போக்குவரத்தை நிறுத்தித் தங்களைக் காணச் செய்தனர். ஜீப்பு ஓட்டுநரின் தலைமுறை அந்த அன்னையரின் பிள்ளைகள். அவர்களது கனவுக் காரைப் பற்றிப் பேசும்போது அந்தச் சாலையையும் சேர்த்துப் பேசாவிட்டால், பேச்சு விளம்பரமாகிவிடும்.

நுகர்வு விமரிசனம் இங்கேதான் தன் வலிமையைக் காட்ட வேண்டும். இங்கேயே அது தவறவும் செய்கிறது. உரிமம் பெற்ற கார்களைக் கொண்ட விளையாட்டு ஒரு நீண்ட விளம்பரமும்கூட என்பது மெய். ஆனால் அந்த இளைஞர் விலையைக் கேட்கவில்லை. ஓட்டிப் பார்க்கலாமா என்றும் கேட்கவில்லை. முன்மூடியைத் தொட்டு, வெயிலில் சுடுகிறது என்றார். திரை ஒருபோதும் சொல்லாத செய்தி அது. தம்மிடமிருந்த அறிவில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டு, காத்திருந்த பயணிகளை நோக்கித் திரும்பினார். இதை ஆசை என்று மட்டும் மொழிபெயர்ப்பது, உழைப்பவருக்கு ஆசை மட்டுமே உண்டு, அறிவு இல்லை என்று கருதும் பழைய பழக்கத்தின் தொடர்ச்சி.

தமிழ் ஆய்வுலகம் திரைப்படத்தையும் நாட்டார் வழக்காற்றையும் தன் வரம்புக்குள் கொண்டுவர நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. எல்லைப்புறத்துப் பிள்ளைகள் கணினித் திரைமுன் பேசிக்கொண்ட கலவைத் தமிழும், அவர்கள் கார்களுக்கும் எதிரிகளுக்கும் சூட்டிய பெயர்களும் இன்னும் எவர் குறிப்பேட்டிலும் ஏற வேண்டியவை. பிரவுசிங் சென்டர்கள் மூடப்பட்டுவருகின்றன, குறுந்தகடுகள் கீறலாகிவிட்டன, ஆடியவர்கள் முப்பதை நெருங்குகிறார்கள். கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள், உறவுமுறைச் சொற்களையும் வேளாண் சொற்களையும் கேட்டு முடித்தபின், சிறுவயதில் எந்தக் காரை ஓட்டினீர்கள் என்று இன்னொரு கேள்வியும் கேட்கலாம். பதில் சொல்லும்போது அவர்கள் எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு மாறுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டாலே அது நல்ல தரவு.

வெள்ளிக் கார் சித்தூர் நோக்கிக் கிளம்பியபோது உரிமையாளர் இருமுறை ஒலிப்பான் அடித்தார். ஜீப்பும் இருமுறை அடித்தது. பின்னால் அமர்ந்திருந்த பயணிகளுள் ஒருவர், தெரிந்தவரா என்று கேட்டார். ஓட்டுநர், "சின்ன வயசுல இருந்தே" என்றார்.