கரி மட்டும்தான் வெளியூர்

“கரி ஒடிசாவிலிருந்து கப்பலில் வருகிறது. குளிரவைக்கக் கடல் தண்ணீர் இருக்கிறது. பவர் ஹவுஸ் நம்மிடம் என்னத்தைக் கேட்கிறது? கரண்ட்டைக் கொடுக்கத்தானே செய்கிறது?” பெரியபாளையம் டீக்கடையிலும் கேட்கலாம், சென்னைக் கருத்தரங்கிலும் கேட்கலாம், இந்தப் பேச்சை. பாதி மெய் என்பதால்தான் இது இத்தனை நாள் செல்லுபடியாகிறது. தால்சர் சுரங்கத்துக் கரி பாராதீப்பில் கப்பலேறி, 2001-இல் முக்கியமாகக் கரிக்காகவே திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. ஆனால் அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களுக்கு வெளியூரிலிருந்து வருவது பெரும்பாலும் அந்தக் கரிதான். தண்ணீரும் நிலமும் காற்றும் உள்ளூர்ச் சரக்கு. அதில் ஒன்று தடைப்பட்டாலும் கொதிகலன் அணைந்துவிடும்.

மிகைப்படுத்தவில்லை. மகாராஷ்டிரத்தின் பர்ளி அனல்மின் நிலையம் 2013-இலும் 2015-இலும் தண்ணீர் இல்லாமல் மூடிக் கிடந்தது. 2016 மார்ச்சில் மேற்கு வங்கத்தின் பராக்கா நின்றது. கங்கைக் கால்வாயில் நீர்மட்டம் இறங்கியதுதான் காரணம். கரிக்கு அங்கே பஞ்சமில்லை. நம் பக்கத்துக் கதை இன்னும் தெளிவானது. 2019 தொடக்கத்தில், கொசஸ்தலையாற்றுச் சதுப்பில் சாம்பல் கொட்டக் கூடாதென்று டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்ததும், 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம் ஓட்டத்தை நிறுத்தியது. பிறகு மீண்டும் ஓடியது, அது வேறு விஷயம். சாம்பலுக்கு இடமில்லையென்றால் கரண்ட்டும் இல்லை என்று அந்த நிலையமே ஒப்புக்கொண்டது.

சாம்பல் எவ்வளவு? இந்தியக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல்தான். வல்லூர் முழு அளவில் ஒரு நாள் ஓடினால் 3.6 கோடி யூனிட். யூனிட்டுக்கு 650 கிராம் கரி என்று வைத்தாலும் 23,000 டன்னுக்கு மேல் எரிய வேண்டும். அதில் ஏழெட்டாயிரம் டன் சாம்பலாக மிஞ்சும். ஒரே நாள் கணக்கு இது.

“சாம்பல்தான் சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் விலை போகிறதே?” போகிறது, உலர்ந்த சாம்பல். தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளும் சாம்பல் குளத்தில் தேங்குகிறது. குழாய் துருப்பிடித்த இடத்தில் ஒழுகி, ஆற்றில் சிமென்ட் பூசியதுபோல் படிகிறது. எண்ணூர்க் கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நீரில் உட்கார்ந்தே நகர்கிறவர்கள். விரலுக்குச் சேறு தட்டுப்பட்டால்தான் இறால் தட்டுப்படும். சாம்பல் தட்டுப்பட்டால் அன்றைய பாடு போச்சு. சாம்பல் குளத்தை அண்டிக் கிடக்கும் செப்பாக்கத்துக்காரர்களைக் கேட்டால், காற்றடிக்கும் நாளில் சோற்றை எப்படி மூடிவைப்பது என்று சொல்வார்கள். “நம்மிடம் எதையும் கேட்கவில்லை” என்பது ஒரு வகையில் சரிதான். கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது கடல் தண்ணீர். கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் கரண்ட் ஆகிறது. மிச்சச் சூட்டில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமக்கிறது. யூனிட்டுக்கு 3.5 லிட்டருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று பழைய நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு கட்டியது. பின்னர், கடல் தண்ணீர் எடுப்பவர்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று விலக்கும் கொடுத்தது. கடலுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை என்ற நினைப்புதான் இதற்கு அடிப்படை. அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல்மின் நிலையத்தின் சுடுதண்ணீர் போய்ச் சேர்வது நடுக்கடலில் அல்ல, காட்டுக்குப்பத்தாரும் முகத்துவாரக்குப்பத்தாரும் வலை வீசும் கழியில்.

“அத்திப்பட்டு எங்கே, பெரியபாளையம் எங்கே?” என்று நாம் ஒதுங்க முடியாது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஒரே நிலத்தடி நீரின் இரண்டு வாய்க்கால்கள். மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் என்று மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்தில் கிணறுகள் தோண்டப்பட்டபோதும் இதே பேச்சுதான்: எங்கோ இருக்கும் ஆலை, நமக்கென்ன நஷ்டம்? 1969-இல் மீஞ்சூர்ப் பக்கம் மூன்று கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த கடல் உப்பு, 1987-இல் ஒன்பது கிலோமீட்டரைத் தொட்டது. அதற்குள் நம் பக்கத்துக் கன்னிகைப்பேரிலும் குழாய் இறக்கியாகிவிட்டது.

கடலைவிட்டு உள்ளே நிற்கும் நிலையங்கள் காற்றால் குளிரவைக்கலாமே என்பார்கள். நல்ல யோசனைதான். தண்ணீர் மிச்சமாகும், ஆனால் அதே யூனிட்டுக்குக் கூடுதல் கரி எரியும், அந்தக் கரிக்கும் சாம்பல் உண்டு. ஊரிலிருந்து எதுவும் எடுக்காத அனல்மின் நிலையம் இன்னும் கட்டப்படவில்லை.

கரண்ட் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம் வீட்டு மோட்டாரும் அதில்தான் ஓடுகிறது. எண்ணூரில் 660 மெகாவாட் விரிவாக்கமும், சாம்பல் குளத்தின் மேலேயே எழும் இன்னும் இரண்டு 660 மெகாவாட் அலகுகளும் திட்டத்தில் இருக்கும் இந்த நேரத்தில், கணக்கு முழுதாக வரட்டும் என்பதுதான் கோரிக்கை. எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர், எந்த ஊர் நிலத்தில் எத்தனை டன் சாம்பல் என்று தமிழில் எழுதி, அந்தந்த ஊர்க் கிராம சபையில் வாசித்து, ஒப்புதல் வாங்கிய பிறகு கொதிகலனை ஏற்றட்டும். கரிக்கு ரசீது கொடுக்கிறவர்கள் தண்ணீருக்கும் நிலத்துக்கும் கொடுக்கத் தயங்கினால், மலிவான மின்சாரம் என்ற பேச்சை அவர்கள் விட்டுவிட வேண்டும். விலையில் பாதியை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு மலிவு என்று சொல்வது கணக்கு அல்ல, ஏமாற்று.