பொன்னாடையா, படமா?

லிங்கராஜபுரத்தில் நாங்கள் நால்வர் தங்கியிருக்கும் அறையில் ஒரே ஒரு படம் உண்டு. மரக்கட்டையிற் செதுக்கி அச்சிட்ட படம். குமாரகிருபா சாலைச் சித்திரச் சந்தையில் நுண்கலை மாணவர் ஒருவரிடம் நால்வரும் பங்கு போட்டு வாங்கியது. “இந்தப் பணத்திற்கு வயிறு புடைக்கப் பிரியாணி தின்றிருக்கலாமே!” என்று கேலி செய்யாத நண்பரில்லை. அவர்களுக்கே இக்கட்டுரை.

1905-ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், கட்டடக்கலை பயின்ற மாணவர் நால்வர் ‘பாலம்’ என்னும் குழுவைத் தொடங்கினர். கிர்ச்னர், ஹெக்கல், ஷ்மிட்-ராட்லுப், பிளைல் என்போர் அவர்கள். பலகையை எடுத்தனர், கத்தியை எடுத்தனர். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை வெட்டி எறிந்து, எஞ்சிய மேட்டில் மை தடவித் தாளில் ஒற்றினர். கத்தி சென்ற வடுவை மறைத்தாரில்லை, அதுவே அழகென்றனர். குழுவிற்கு ஆண்டுச் சந்தா 12 மார்க்கு கட்டியவர்க்கு ஆண்டுதோறும் அச்சுப் படங்கள் அடங்கிய உறை ஒன்று வந்து சேரும். படம் சேர்ப்பது சீமான்களின் பொழுதுபோக்கு என்பார் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

அப்படிச் சந்தா கட்டியவருள் ஒருவர் ரோசா ஷபீரே அம்மையார். 1937-இல் நாஜி அரசு இத்தகைய படைப்புகளைச் ‘சீரழிந்த கலை’ என்று பழித்து, காட்சிச்சாலைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் பறித்தது. யூதரான அம்மையார் 1939-இல் இங்கிலாந்துக்குத் தப்பியபோது ஷ்மிட்-ராட்லுப்பின் படங்களையும் உடன் கொண்டு சென்றார். அவை பின்னர் பிரிட்டிஷ் காட்சிச்சாலைகளில் இடம்பெற்றன. அரசு பறித்த காலத்தில் காத்தவர் ஒரு சந்தாதாரர்!

“ஜெர்மானியர் கதை நமக்கெதற்கு?” என்பீர்கள். 1922 டிசம்பரிலேயே அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரின் முயற்சியால் பௌஹௌஸ் கலைஞர்களின் படைப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. பைனிங்கரின் மரச்செதுக்குகளும் அவற்றுள் இருந்தன. அது போகட்டும். நம் பாட்டிமார் படித்த ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்களில் இருந்தவையும் மரச்செதுக்குப் படங்கள் தாமே? எத்தனை வீடுகளில் அவற்றைப் பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏற்றினோம்! கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா அத்தகைய பழம் அச்சு நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அத்தொகுப்பே இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

கிர்ச்னரின் மூலப்படம் ஏலத்தில் விற்கும் விலை நமக்கு எட்டாது, எட்டவும் வேண்டாம். எட்டுவது அவர்களுடைய முறை. நம் மன்றம் ஆண்டுவிழாதோறும் மேடையில் இருப்பவர்க்கெல்லாம் பொன்னாடை போர்த்துகிறது. போர்த்திய மறுகணமே அது மடிக்கப்படுகிறது. வீட்டுக்குப் போனால் பீரோ. (சென்ற ஆண்டு மடித்துக் கொடுத்தவன் அடியேன்தான்.) அச்செலவை நிறுத்தி, உறுப்பினரிடம் சிறு சந்தாவும் பெற்று, இந்நகரில் கட்டை செதுக்கும் இளைஞர்களின் கையொப்பமிட்ட படங்களை ஆண்டுக்கு மூன்றேனும் வாங்கினால் என்ன? ஒன்று மன்றச் சுவருக்கு. மற்றவை உறுப்பினர் அறைகளுக்கு, முறை வைத்து.

அடுத்த செயற்குழுவில் இதை முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர் எங்கள் அறைக்கு வரலாம். படத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம்.