பந்தலும் காவலும்

நரிக்கு எட்டாமற்போன திராட்சைப் பழத்தின் கதையை நாம் எல்லோரும் பாலர் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். நரி எம்பி எம்பிப் பார்த்து, எட்டாமற்போகவே, பழம் புளிப்பென்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு நடையைக் கட்டியதாகக் கதை. அதை எழுதியவர் நரியின் மனத்தை நன்றாக அறிந்தவர், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் யார், அவன் எத்தனை நாள் தண்ணீர் பாய்ச்சினான், நரி குதித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய நாய் எங்கே போயிருந்தது என்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிறு திராட்சைத் தோட்டத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தபோதுதான், கதையில் விட்டுப்போன அந்தப் பகுதி நமக்குத் தெரிய வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கு தேனி ஜில்லாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலைக்கு அப்பால் கேரளம். மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரைப் பென்னிகுவிக் என்ற இஞ்ஜினீயர் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார். 1895-ஆம் வருஷத்தில் அந்த வேலை நிறைவேறியது. அந்நிய ஆட்சியின் மேல் நமக்குள்ள குறைகளெல்லாம் ஒரு பக்கம் இருக்க, தண்ணீர் கொடுத்தவரை இந்த ஜனங்கள் மறக்கவில்லை. தை மாதத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கலிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைத்தவர்களும் உண்டு.

அந்தத் தண்ணீரால் வயல்களில் நெல் விளைகிறது. அதன் கசிவால் கிணறுகள் ஊறுகின்றன. கிணற்றுத் தண்ணீரால் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் முதலிய ஊர்களில் திராட்சை விளைகிறது. இங்கே பெரும்பாலும் பயிராவது பன்னீர் திராட்சை. விவசாய நூல்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்று எழுதியிருப்பார்கள். கருநீல நிறம், மெல்லிய தோல், உள்ளே விதை, வாயில் போட்டவுடன் பன்னீர் தெளித்தாற்போல் ஒரு வாசனை. 2023-ஆம் வருஷத்தில் இப்பழத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நாம் தங்கியிருந்த தோட்டம் முக்கால் ஏக்கர்தான். தோட்டக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். அவரும், அவருடைய மனைவியும், பேத்தியும், இரண்டு நாய்களுமாகச் சேர்ந்து அந்த முக்கால் ஏக்கரைப் பராமரிக்கிறார்கள். மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் பந்தலுக்குள் நுழைகிறார். கல் தூண்களை நட்டு, அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் கொடியைப் படர விட்டிருக்கிறது. கீழே நிழல், மேலே இலைக் கூரை, நடுவே குலைகள். அவருக்கு முன்னால் செவலை என்ற நாய் போகிறது. நாய் நின்றால் அவரும் நிற்கிறார். பாம்பு இருக்கிறதென்று அர்த்தம். நாய் நடந்தால் அவரும் நடக்கிறார்.

கவாத்து என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நிலை. ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலை உதிர்த்து உறங்கிவிடும். வசந்தத்தில் விழித்துத் துளிர்க்கும். வருஷத்துக்கு ஒரே மகசூல். நம் நாட்டுக் கொடிக்கு உறக்கம் ஏது? கத்திரிக்கோலை எடுத்துக் கிளைகளை வெட்டித்தான் அதற்கு வசந்தம் வந்ததாக உணர்த்த வேண்டும். வெட்டிய இரண்டு வாரத்துக்குள் மொட்டு விரிகிறது. ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் கைக்கு வருகிறது. ஒருவர் தையில் வெட்டுவார், இன்னொருவர் வைகாசியில் வெட்டுவார். ஆகையால் இந்தப் பள்ளத்தாக்கில் ஏதாவதொரு தோட்டத்தில் வருஷம் முழுவதும் பழம் இருக்கிறது.

"கொடியை வெட்டாம விட்டா இலையைத்தான் காட்டும், தம்பி; காயைக் காட்டாது" என்றார் பெரியவர்.

துளிர் வந்த பிறகு அம்மாளுக்கு ஓய்வில்லை. இளங்கிளைகளை வாழைநாரால் கம்பியோடு கட்டுகிறார். வேண்டாத துளிர்களைக் கிள்ளுகிறார். ஈரம் மிகுந்தால் இலையில் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். மருந்து தெளிக்க வேண்டும். மருந்து அடிக்கும் நாளில் நாய்களை வீட்டுக்கு அழைத்துச் சென்று கட்டிவிடுவது இவர்கள் வழக்கம். பழம் கறுத்துவிட்டாலோ, பகலில் மைனாவும் அணிலும், இரவில் வௌவாலும், மலையிலிருந்து இறங்கும் காட்டுப் பன்றியும் விருந்தாளிகள். மனித விருந்தாளிகளும் இல்லாமல் இல்லை. அந்த நாட்களில் பெரியவர் மோட்டார் அறையில்தான் படுக்கிறார். செவலை வரப்பைச் சுற்றி வருகிறது. மணி என்ற கிழ நாய் வாசற்படியில் படுத்தபடியே, செவலை குரைக்கும்போதெல்லாம், 'நானும் இருக்கிறேன்' என்பதுபோல் ஒரு தடவை குரைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. உத்தியோகத்தில் நெடுங்காலம் இருந்தவர்களிடம் இந்தச் சுபாவத்தை நாம் வேறிடங்களிலும் கண்டதுண்டு.

செவலை கோம்பை நாய். உத்தமபாளையத்துக்கு அருகில் கோம்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அதுவே இந்த ஜாதியின் பிறப்பிடம். செம்பழுப்பு நிறம், கறுத்த வாய், குட்டை ரோமம், இறுகிய தேகம். காட்டுப் பன்றி வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டது. 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போயிற்று, காவல் மிஞ்சியது. 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிரதம மந்திரி வானொலியில் பேசியபோது இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு கோம்பையையும் பெயர் சொல்லிப் பாராட்டி, நாட்டு நாய்களை வளர்க்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். நல்ல வார்த்தைதான். ஆனால் சுதேசிப் பற்று மேலிட்டு, நகரத்தில் மூன்றாம் மாடியில் இந்த நாயைச் சங்கிலியில் கட்டி வைப்பதில் நமக்குச் சம்மதமில்லை. ஓடுவதற்கு நிலமும் செய்வதற்கு ஒரு வேலையும் கொடுப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

இவ்வளவும் முதல் நாள் கண்டவை. அன்றிரவு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு தட்டில் இருந்த பழத்திலிருந்து ஒன்றை எடுத்துச் செவலையை நோக்கி நாம் விளையாட்டாகப் போடப்போனோம். ஏழு வயதுப் பேத்தி ஓடிவந்து நம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாதீங்க! அது செத்துப்போகும்."

நாம் சிரித்தோம். வேறு யாரும் சிரிக்கவில்லை. பிறகுதான் பெரியவர் அந்த விஷயத்தைச் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது விடாமல் மழை பெய்ததாம். பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது. தண்ணீரைக் குடித்துப் பழம் வெடித்துவிட்டது. விலை பேசிப்போன வியாபாரி திரும்பி வரவில்லை. வெடித்த பழத்தை எவரும் வாங்க மாட்டார்கள். கூடை கூடையாக வெட்டி வரப்போரத்தில் கொட்டினார்கள். அப்போது காவலுக்கு இருந்தது செவலையின் தாய். அன்று மாலை அது வாந்தி எடுத்தது, மறுநாள் ஆகாரத்தைத் தொடவில்லை, சிறுநீர் நின்றுபோயிற்று. நாலாவது நாள் மோட்டார் அறை வாசலில் செத்துக் கிடந்தது.

பக்கத்துத் தோட்டக்காரருக்கும் இவருக்கும் கிணற்றுத் தண்ணீர் முறை பற்றி ஏற்கெனவே மனஸ்தாபம். அவர்தான் சோற்றில் விஷம் வைத்துவிட்டார் என்று இவர் முடிவு செய்தார். முடிவு செய்ததோடு நிற்காமல், டீக்கடையில் பத்துப் பேர் முன்னிலையில் அதைச் சொல்லியும் விட்டார். இரண்டு குடும்பங்களும் பேச்சை நிறுத்திக்கொண்டன. ஒரு வீட்டுக் கலியாணத்துக்கு இன்னொரு வீட்டார் போகவில்லை. பல மாதம் கழித்துச் செவலைக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவதற்காகக் கால்நடை டாக்டரிடம் போனபோது, தாய் நாய் செத்த விதத்தைப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். டாக்டர், "அது திராட்சை தின்றதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

நாய்க்குத் திராட்சை ஆகாது என்பது சென்ற இருபத்தைந்து வருஷங்களுக்குள்தான் மருத்துவ உலகத்தில் நன்றாக வெளிப்பட்டது. தின்ற நாய் வாந்தி எடுத்துச் சோர்ந்து விழும். ஓரிரு நாளில் சிறுநீரகம் பழுதாகும். சில நாய்கள் கொத்தாகத் தின்றும் பிழைத்துவிடுகின்றன. சிலவற்றுக்குக் கொஞ்சமே எமனாகிறது. இதனால்தான் பல தலைமுறையாகத் திராட்சை பயிரிடுகிறவர்கள் கூட இதைக் கவனிக்கவில்லை. காரணம் நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. 2021-ஆம் வருஷத்தில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள், பழத்தின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலமே குற்றவாளி என்று கருதுவதாக எழுதினார்கள். அவர்களுக்குத் துப்புக் கொடுத்த பொருள்களில் ஒன்று நம் வீட்டுச் சமையலறையில் இருப்பதுதான்: புளி! புளியைத் தின்ற நாய்களுக்கும் இதே கதி நேர்ந்திருந்தது.

ஆகவே, நேயர்கள் வீட்டில் நாய் இருந்தால், மிஞ்சிய புளியோதரையையும் புளிக் குழம்புச் சோற்றையும் அதற்குப் போடாமலிருப்பதே நலம். உலர்ந்த திராட்சையும் அப்படியே. பாயசத்திலும் கேசரியிலும் குழந்தைகள் பொறுக்கி ஒதுக்கும் திராட்சை மேஜைக்கடியில் உள்ள நாயின் வாய்க்குப் போகிறதா என்று தாய்மார்கள் கவனிக்க வேண்டும். தின்றுவிட்டதென்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திராமல் அப்போதே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். கதையில் வந்த நரியும் நாயின் உறவினன்தானே? பழம் எட்டாமற்போனது ஒருவேளை அதன் பாக்கியமாயிருக்கலாம்.

"அப்புறம் பக்கத்துத் தோட்டக்காரரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டோம்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. அம்மாள்தான் சொன்னார்: "இவுக மூணு நாள் போறேன் போறேன்னு வரப்பு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாக. நாலாம் நாள் நான் ஒரு கூடைப் பழத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். அந்த அக்கா கூடையை வாங்கிக்கிடலை. உள்ளே வான்னு மட்டும் சொன்னாக. அது போதும்னு உள்ளே போயிட்டேன்."

இப்போது பேச்சு உண்டு. பழைய நெருக்கம் இன்னும் வரவில்லை என்று பெரியவர் ஒப்புக்கொண்டார். டீக்கடையில் சொன்ன வார்த்தையை டீக்கடையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டாராம். ஆனால் முதல் தடவை கேட்ட பத்துப் பேரும் இரண்டாம் தடவை அங்கே இல்லை.

இந்தச் சம்பவத்தை நாம் நாயைப் பற்றிய எச்சரிக்கையாக மட்டும் எழுதவில்லை. செவலையின் தாய் இறந்ததற்குத் திராட்சை காரணம். திராட்சை வரப்பில் கிடந்ததற்கு யார் காரணம்? மழை பாதி, சந்தை பாதி. இந்தப் பழம் காத்திருக்காது. நெல்லைப் பத்தாயத்தில் போட்டு விலைக்குக் காத்திருப்பதுபோல் பன்னீர் திராட்சையை வைத்திருக்க முடியாது. பழுத்தால் வெட்ட வேண்டும்; வெட்டினால் அன்றே விற்க வேண்டும். ஆகையால் வியாபாரி சொன்னதே விலை. புவிசார் குறியீடு பழத்தின் பெயரைக் காக்கும், விலையைக் காக்காது. நகரத்திலோ நாம் விதையில்லாத பச்சைத் திராட்சையையே கேட்டு வாங்கப் பழகிவிட்டோம். இரண்டு விதையைத் துப்புகிற சிரமத்துக்குப் பயந்து, வாசனையுள்ள நம் ஊர்ப் பழத்தை ஒதுக்குகிறோம். பழக்கடையில், "பன்னீர் இருக்கிறதா?" என்று பத்து வீட்டார் வாரம் ஒரு முறை கேட்டால் கடைக்காரர் வரவழைப்பார். வெடித்த பழத்தைச் சாறாகவும் பாகாகவும் ஆக்குவதற்குப் பக்கத்திலேயே ஒரு சிறு கூட்டுறவுச் சாலை இருந்தால், பழம் வரப்புக்குப் போக வேண்டிய அவசியமே இராது. சர்க்கார் செய்ய வேண்டியது அது. நாம் செய்யக்கூடியது இது.

பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைத்தால் இவ்வளவு காவல் வேண்டாமே என்று மகன் போனில் சொல்லுகிறாராம். நாம் புறப்பட்ட அன்று காலையிலும் அந்தப் பேச்சு வந்தது. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பார்க்கலாம்ப்பா" என்று சொல்லிப் போனைக் கீழே வைத்தார். பிறகு கத்திரிக்கோலை எடுத்துச் சாணைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தார். கவாத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பேத்தி ஒரு கூடையுடன் பந்தலுக்குள் போனாள். உதிர்ந்து கிடந்த பழங்களைச் செவலை வருவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். தினந்தோறும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு அதுதான் அவளுடைய வேலையாம்.