மேற்சுழற்சிக்கு வேண்டும் பொறுமை

டென்னிஸ் என்றதும் சென்னையின் மூத்தோர் நெஞ்சில் எழுபவர் இராமநாதன் கிருஷ்ணன். 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதியை எட்டிய அவர்தம் ஆட்டம் வன்மையை அன்று, நயத்தையே நம்பியது. அதனாலேயே இன்றைய இளைஞர் பந்தைச் சுழற்றி ஓங்கி அடிப்பதை ‘முரட்டு ஆட்டம்’ எனச் சிலர் முகஞ்சுளிக்கின்றனர்.

இது பொருந்தாக் கருத்து. மட்டையைக் கீழிருந்து மேலாகப் பந்தில் உரசி வீசினால், பந்து முன்னோக்கிச் சுழல்கிறது. காற்று அதனைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆகவே, நடுவில் 3 அடி உயரமுள்ள வலையை நன்கு தாண்டியும் பந்து எல்லைக்குள் விழுந்து, உயர எழும்புகிறது. வன்மையும் காவலும் ஒருங்கமைந்த அடி இது.

ஆயினும் இது மந்திரமன்று. இவ்வடியில் வல்லவரான இரஃபேல் நடால், 2008ஆம் ஆண்டு சென்னை ஓப்பன் அரையிறுதியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி வென்றார். மறுநாள் இறுதியாட்டத்தில் மிகைல் யூஸ்னியிடம் 6-0, 6-1 எனத் தோற்றார். உடலுரம் இன்றி இவ்வடி பயன்தராது.

இதனைக் கற்கத் தொடங்குவோர்க்குப் பல வாரங்கள் பந்து வலையிலேயே மோதும். முன்பு வென்ற ஆட்டங்களும் கைநழுவும். அப்போது, ‘இவ்வாண்டுக் கோப்பை என்னாவது?’ என்று கல்லூரி கேட்குமாயின், மாணவர் பழைய அடிக்கே திரும்புவார். வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். தாம்பரம் முதல் வண்டலூர் வரை கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவை முதலாண்டு மாணவர்க்கு நாள்தோறும் ஒரு மணி நேர ஆடுகளமும், தோற்றுப் பழக ஓர் ஆண்டும் வழங்கட்டும். கோப்பை பின்னர் வரும்.