ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தால் படிப்பு கெடுமா?

பையன் காலேஜ் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்துட்டான் என்றால் போதும், "இனி உருப்பட்ட மாதிரிதான்!" என்கிறார் அப்பா. பெண் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

எஸ்.பி.பாலசுப்பிரமணியம் யார்? இன்ஜினீயரிங் படிக்க வந்தவர். 1964-ல் சென்னையில் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். மெல்லிசைக் குழு நடத்தினார். அதில் வாசித்தவர்கள் இளையராஜா, கங்கை அமரன் சகோதரர்கள்!

எல்லோரும் எஸ்.பி.பி. ஆக முடியாதுதான். ஆனால் பத்துப் பேரோடு தாளம் தப்பாமல் வாசிக்கப் பழகியவன், நாளைக்கு ஆபீசிலும் அனுசரித்துப் போவான்.

கல்லூரி நிர்வாகிகளே! டிரம்சும் கீபோர்டும் ஆண்டு விழாவுக்கு மட்டும்தானா? தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்த அறைப் பூட்டைத் திறந்து விடுங்கள்.

பெற்றோர்களே! மார்க் குறைஞ்சா தட்டிக் கேளுங்க, மைக்கைப் பிடுங்காதீங்க!