மோட்டாரும் போச்சு, க்ளெய்மும் போச்சா? நிராகரிப்புக் கடிதத்தில் இந்த ஒரு வரியைப் பாருங்க!

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால், பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை தலைகாட்டும். பழைய தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரியும். அதைப் பார்க்கவும் செல்ஃபி எடுக்கவும் கூட்டம் வரும். ஆனால், அங்கிருந்து எதிர்க்கரையான தர்மபுரி மாவட்டம் நாகமரைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுக்காரருக்கு அது வயிற்றைக் கலக்கும் காட்சி. தண்ணீர் குறையக் குறைய, அடியில் கிடக்கும் கல்லும் கட்டையும் மோட்டாரின் விசிறிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஒருநாள் விசிறி கல்லில் மோதி உடைகிறது, ஷாஃப்ட் வளைகிறது, மோட்டார் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்ற தெம்பில் க்ளெய்ம் போட்டால், ஒரு கடிதம் வருகிறது. 'தேய்மானத்தால் வந்த பழுது. க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.'

இந்த இடத்தில்தான் பலர் கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, வட்டிக்குக் கடன் வாங்கி மோட்டாரைச் சரிசெய்கிறார்கள். அந்தக் கடிதம் கம்பெனியின் முடிவு, அவ்வளவுதான். அதற்கு மேலே கேட்பதற்கு இடம் இருக்கிறது, அதுவும் செலவில்லாமல்!

தேய்மானமா, விபத்தா?

1963-ம் வருட கடல்சார் காப்பீட்டுச் சட்டம், சாதாரணத் தேய்மானத்துக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்கிறது. பயண ஆபத்துகளால் நேரடியாக ஏற்படாத இயந்திரப் பழுதுக்கும் அப்படித்தான். பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. படகு பாலிசிகளிலும் இதே போன்ற வரி இருப்பது வழக்கம்.

அதனால் சண்டை முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: மோட்டார் பழசாகிக் கெட்டதா, மோதிக் கெட்டதா?

மோதியதுதான் என்றால் ஆதாரம் வேண்டும். உடைந்த விசிறியைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருங்கள். பிரிப்பதற்கு முன்பே போட்டோ, வீடியோ எடுங்கள். மெக்கானிக்கிடம் 'மோதியதால் வந்த சேதம்' என்று காரணத்தோடு எழுதி வாங்குங்கள். படகில் இருந்தவர்களின் வாக்குமூலமும் உதவும். மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் வருகிறதே, அன்றைய பக்கத்தையும் எடுத்து வையுங்கள். தண்ணீர் எவ்வளவு குறைந்திருந்தது என்பதை அது சொல்லும்.

சர்வேயர் எழுதியதே கடைசி வார்த்தை என்று நினைக்க வேண்டாம். சர்வேயர் அறிக்கை இறுதியானது அல்ல என்று 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

காரணம் எழுத்தில் இருக்கட்டும்

போனில் 'கிடைக்காது சார்' என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தை, வழக்கு வந்த பிறகு கம்பெனி கிளப்ப முடியாது. 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதனால்தான் கடிதத்தில் உள்ள அந்தக் காரண வரி முக்கியம். உங்கள் பதில் முழுக்க அந்த வரிக்கு மட்டும் இருந்தால் போதும்.

கப்பலுக்கும் இதே கதைதான்

2013 ஜூனில் சோஹம் ஷிப்பிங் நிறுவனத்தின் புதுக் கப்பல் ஒன்று மும்பையிலிருந்து கொல்கத்தாவுக்குக் கிளம்பியது. மோசமான வானிலையிலும் இன்ஜின் கோளாறிலும் ரத்னகிரி அருகே சிக்கிக்கொண்டது. 'பருவமழை தொடங்குவதற்குள் பயணத்தை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையை மீறிவிட்டீர்கள்' என்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் பணம் தர மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் கப்பல் நிறுவனத்தின் புகாரை ஏற்கவில்லை.

ஆனால் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பாலிசி கொடுத்த தேதிகளை வைத்துப் பார்த்தால் அந்த நிபந்தனையை யாராலும் நிறைவேற்றவே முடியாது என்று சொல்லி, இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்ய வழக்கைத் திருப்பி அனுப்பியது. கிட்டத்தட்ட 12 வருடப் போராட்டம்!

எங்கே போவது?

* முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஆதாரங்களோடு எழுதுங்கள். 'பீமா பரோசா' இணையதளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

* ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தனிநபர்களும் குறுந்தொழில் செய்பவர்களும் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. கம்பெனி அதற்குக் கட்டுப்பட வேண்டும். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

* அதுவும் சரிவராவிட்டால், தர்மபுரியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் வழக்கு போட வேண்டும். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 'படகு ஓட்டுவது வியாபாரமாச்சே' என்று தயங்க வேண்டாம். தொழிலுக்காக எடுத்த இன்ஷூரன்ஸுக்கும் நுகர்வோராக வழக்கு போடலாம் என்று 2023-ல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அதனால் இந்த வரிசையிலேயே போவது நல்லது.

எல்லா நிராகரிப்பும் அநியாயம் என்றும் சொல்ல முடியாது. சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டினாலோ, பாலிசியில் மோட்டாரே சேராமல் இருந்தாலோ கம்பெனி பக்கம்தான் நியாயம் இருக்கும். அதைக் கையெழுத்துப் போடும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

வயல் மோட்டார், டூவீலர், கடை என்று எதற்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தாலும் வழி இதுதான். பீரோவில் அப்படி ஒரு கடிதம் கிடக்கிறதா? இன்றே எடுத்து, அதில் இருக்கும் தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் ஆகவில்லையென்றால், உங்கள் மோட்டாருக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது!